ஃபார்ம் மூன்றில் ஏறாத புள்ளிகள்

சின்னக் கல்லூரிக் கபடி வீரர்களின் சாதனை எங்கே போகிறது? திருத்தணியிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

தை மாதத்து இரவுகளில் திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கே இறங்கினாலும், மைக் செட் சத்தம் போட்டிக் களத்துக்கு வழி சொல்லிவிடும். கல் பொறுக்கி, மண்ணைக் கிளறி, தண்ணீர் தெளித்துப் பதமாக்கிய தரை. சுண்ணாம்புத் தூளில் இழுத்த கோடுகள். நான்கு மூலைக்கும் கம்பம் நட்டுக் கட்டிய விளக்குகள். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்து நகரி, புத்தூரிலிருந்தும் அணிகள் வந்திருக்கும். ஒரு பக்கம் "பிடிடா" என்று கத்தினால், மறு பக்கத்திலிருந்து "பட்டுகோ" என்று தெலுங்கில் குரல் வரும்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம். இரண்டு புள்ளி பின்தங்கிய அணிக்கு டூ ஆர் டை ரெய்டு; புள்ளி எடுக்காமல் திரும்பினால் ஆள் வெளியே. பாடிப் போகிறவன் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவராக இருப்பார், இல்லையென்றால் கரும்பு வெட்டப் போகிறவராக இருப்பார். இடது காலை முன்னே வைத்து, வலது கார்னரைப் பார்த்தபடி உடம்பை மட்டும் இடப்பக்கம் சாய்க்கிறான். கார்னர் ஏமாறவில்லை, பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டான். கவர் ஆட்டக்காரன் இடுப்பில் விழுகிறான். மூன்றாமவன் தோளில். இழுத்து விடுவித்துக்கொள்ள முயன்றால் மாட்டிக்கொள்வான் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று பேரின் கனத்தையும் சுமந்துகொண்டு முன்னோக்கி விழுகிறான். நீட்டிய கையின் விரல்நுனி நடுக்கோட்டைத் தொடுகிறது. விசில். மூன்று புள்ளி. மைக் பிடித்திருப்பவர் தொண்டை கிழியக் கத்துகிறார்.

ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர், தாளில் வரிசையாக அச்சடித்த எண்களில் மூன்றை அடிக்கிறார். அந்த அணி மூன்று புள்ளி எடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி. யார் எடுத்தது என்று தனிக் கணக்கு உள்ளூர்ப் போட்டிகளில் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. விடிந்ததும் கோப்பை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போகும். பரிசுப் பணம் பயணச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கழியும். அந்தத் தாள் பந்தல் சாமான்களோடு எங்கோ போய்விடும்.

கபடியைப் பற்றித் தமிழ்நாடே பேசுகிற காலம் இது. 2025 அக்டோபரில் மாரி செல்வராஜின் 'பைசன்' திரைக்கு வந்தது. அதே மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி 75–21 என்ற கணக்கில் ஈரானை வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவி சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா. படமும் கார்த்திகாவின் பெயரும் வீடுவீடாகப் பேசப்பட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் மேலே வந்த ஒருவருக்குப் பின்னால், வாரம் தவறாமல் களமிறங்கி, ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து புள்ளி எடுத்து, மூன்று வருடக் கல்லூரிக் காலத்தை முடித்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய ஆட்ட வாழ்க்கை எந்த ஏட்டில் இருக்கிறது?

ஆறரை மீட்டர், முப்பது விநாடி

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டைத் தாண்டினால் எதிரணியின் பகுதி ஆறரை மீட்டர். அதில் 3.75 மீட்டரில் பாக் கோடு. அதிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. முப்பது விநாடிக்குள் ஒற்றை மூச்சில் பாடிக்கொண்டு, ஏழு பேர் நிற்கும் இடத்துக்குள் போய், தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தொட்டால் புள்ளி, பிடிபட்டால் வெளியே.

அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் என்று ஓர் ஆட்டக்காரர் உண்டு. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தன்னை மடக்கிப் போடவே காத்திருக்கும் எதிரணிச் சுவருக்குள் புகுந்து, எத்தனை கெஜம் முன்னேற முடியுமோ அத்தனை கெஜம் முன்னேறுவது அவர் வேலை. ஆட்டம் வேறு, சட்டம் வேறு. ஆனால் ஒரு மனிதன் தனியாகக் கூட்டத்துக்குள் பாய்ந்து, இடுப்பிலும் காலிலும் விழுகிறவர்களை உதறி வெளியேறுவதில் இரண்டும் ஒன்றே. அடி விழும் இடமும் ஒன்றே: முழங்கால், கணுக்கால், தோள்பட்டை.

வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு கெஜத்தையும் எழுதுகிறார்கள்.

நெப்ராஸ்காவின் குட்டிக் கல்லூரி

டேனி உட்ஹெட் என்பவரின் கதையை இங்குள்ள ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட் ஊர்க்காரர். உயரம் ஐந்தடி எட்டங்குலம்; அந்த ஆட்டத்துக்கு அது குள்ளம். பள்ளியில் எத்தனை ஓடியும், அந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம் அவருக்கு விளையாட்டு உதவித்தொகை தர முன்வரவில்லை. சாட்ரன் என்ற சின்ன ஊரில் உள்ள சாட்ரன் ஸ்டேட் கல்லூரியில் சேர்ந்தார். அந்த ஊரின் மக்கள்தொகை ஆறாயிரத்துக்கும் கீழ். திருத்தணி நகரத்தோடு ஒப்பிட்டால் ஒரு கிராமம்.

அங்கே 2004 முதல் 2007 வரை நான்கு பருவங்கள் ஆடினார். முதல் ஆண்டு 1,840 கெஜம். இரண்டாம் ஆண்டு 1,769. மூன்றாம் ஆண்டு 2,756. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரே பருவத்தில் அன்றுவரை யாரும் அவ்வளவு ஓடியதில்லை. நான்காம் ஆண்டு 1,597. மொத்தம் 7,962 கெஜம். ஏழேகால் கிலோமீட்டர்; திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற தூரத்தில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு முறையும் யாரோ மேலே விழ, எழுந்து, மறுபடி ஓடிய தூரம் அது. அதுவும் அன்றைக்கு எல்லாப் பிரிவுக்குமான சாதனை. இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளின் மிகச் சிறந்த வீரருக்குத் தரும் ஹார்லன் ஹில் கோப்பையை 2006, 2007 என இரண்டு முறை வாங்கினார்.

இத்தனைக்குப் பிறகும் 2008-இல் தொழில்முறை லீகின் தேர்வில் ஒரு அணிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. நியூயார்க் ஜெட்ஸ் அணி தேர்வுக்கு வெளியே ஒப்பந்தம் போட்டது. பயிற்சியின்போது முழங்கால் போய் அந்தப் பருவமே வீணானது. 2010 செப்டம்பரில் ஜெட்ஸ் கழற்றிவிட்டது. சில நாட்களிலேயே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கூப்பிட்டுக்கொண்டது. 2012 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் டச் டவுன் போட்டார். அணி 21–17 என்று தோற்றது. பிறகு சான் டியாகோ சார்ஜர்ஸ், பால்டிமோர் ரேவன்ஸ் அணிகளில் ஆடி, 2018-இல் ஓய்வு பெற்றார்.

பெரிய கல்லூரி ஒன்று வேண்டாம் என்றது, லீக் தேர்வு வேண்டாம் என்றது, முதல் அணி வேண்டாம் என்றது. ஆனாலும் அவரைத் தேடி யாராவது வந்துகொண்டே இருந்ததற்கு அந்த எண்கள் பெரிய காரணம் என்பேன். சாட்ரன் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டத்தையும் சட்டை எண்ணோடும் கெஜக் கணக்கோடும் யாரோ எழுதினார்கள். கல்லூரி அதைத் தேசிய அமைப்புக்கு அனுப்பியது. அமைப்பு வெளியிட்டது. ஊர் சின்னது என்பதற்காக ஏடு சின்னதாகவில்லை.

▪▪▪ பெட்டிச் செய்தி: எழுதி வைத்ததால் நின்றவை ▪▪▪

● அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்கள் 1937 முதல் பராமரிக்கப்படுகின்றன.

● உட்ஹெட்டின் 7,962 கெஜச் சாதனை ஓராண்டுதான் நின்றது. ஒஹையோவின் மவுண்ட் யூனியன் என்ற இன்னொரு சின்னக் கல்லூரியின் ஆட்டக்காரர் 2008-இல் 8,074 கெஜத்தோடு முந்தினார்.

● 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் எடுத்த நேரம் 55.42 விநாடி. 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ் ஓடிய நேரமும் அதே 55.42. முப்பத்தொன்பது ஆண்டு கழித்து ஒரு தமிழ்ப் பெண் உஷாவுக்குச் சமமாக நின்றாள் என்று நம்மால் சொல்ல முடிகிறது.

▪▪▪

பன்னிரண்டு பேர், ஒரே தாள்

திருத்தணி அரசு கலைக் கல்லூரி மாதிரியான இடங்களில் படிக்கும் கபடி வீரர்களுக்குக் கோப்பையைவிடப் பெரிய சொல் ஒன்று உண்டு: 'ஃபார்ம் 3'.

மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கத் தனித்தனிப் படிவங்கள் இருக்கின்றன. நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு ஃபார்ம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு ஃபார்ம் 3. பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 4. கல்லூரி மாணவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மூன்றாவது. ரயில்வே, வருமான வரித் துறை, அஞ்சல் துறை என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது, "ஃபார்ம் 3 இருக்கா தம்பி?"

அந்தத் தாளை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், ஊர், படித்த பல்கலைக்கழகம், விளையாட்டு, போட்டி நடந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அதில் கிடைத்த இடம். கீழே பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளரின் கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான். ஓட்டப்பந்தய வீரருக்கு 'கிடைத்த இடம்' என்பது அவருடைய சொந்த இடம். கபடி வீரருக்கு அது அணியின் இடம். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. அறுபது புள்ளி எடுத்த ரெய்டருக்கும், ஒரு நிமிடமும் உள்ளே இறங்காதவருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே சான்றிதழ்.

மாற்று ஆட்டக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரும் அணிக்காகத்தான் வருடம் முழுவதும் வியர்வை சிந்தினார். ஆனால் காலிறுதியில் தோற்ற அணியின் தலைசிறந்த ரெய்டர் என்ன ஆவார் என்று யோசியுங்கள். தனியாளாக அணியை அதுவரை இழுத்து வந்தவர். அணிக்கு இடமில்லை, ஆகவே தாளில் அவருக்கும் இடமில்லை.

ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வில் மதிப்பெண் பிரிக்கும் முறை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். நூறில் 40 களத்தில் காட்டும் திறனுக்கும் பயிற்றுநர் கணிப்புக்கும், 50 அங்கீகரிக்கப்பட்ட சாதனைக்கு, 10 படிப்புக்கு. அந்த ஐம்பதைத் தீர்மானிப்பது சான்றிதழ். மீதி நாற்பதும் அன்றைய ஒரு நாளின் ஆட்டம். முந்தைய இரவு பாசஞ்சர் ரயிலில் நின்றுகொண்டே வந்து, தூக்கமில்லாமல் இறங்கியவனுக்கும் அதே ஒரு நாள்தான்.

இதே மாணவனின் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி எண். வகுப்பில் எல்லாரும் தேர்ச்சி என்று பொதுவாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பெற்றோர் சும்மா விடுவார்களா? மாணவனின் அறிவைத் தனித்தனியே அளக்கத் தெரிந்த அதே பல்கலைக்கழகம், அவன் உடம்பால் உழைத்ததை மொத்தமாக ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. உழைப்பைப் பார்க்கும் பார்வையிலேயே இங்கே ஒரு மேல் கீழ் இருக்கிறது.

மணத்தி கணேசனுக்கு முன்னும் பின்னும்

சடுகுடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டியே 1952-இல் மதராஸில் நடந்தது. 1990 பெய்ஜிங்கில் ஆசியப் போட்டியின் பதக்கப் பட்டியலில் கபடி ஏறியது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்து கணேசன் இருந்தார். அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. 'பைசன்' படத்துக்கு உந்துதலாக இருந்தது அவர் வாழ்க்கை.

பார்த்தவர்கள் இன்றும் கணேசனின் ரெய்டைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அந்த நினைவு பெரிய சொத்து. ஆனால் நினைவு மட்டுமே சொத்தாக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்தத் தலைமுறையின் கபடிக்கு வீரர்வாரியான புள்ளிக் கணக்கு மக்கள் கையில் இல்லை. தேசிய அணி வரை போனவருக்கே இந்த நிலை என்றால், மாவட்ட அளவில் நின்றுபோனவர்களை எந்த இயக்குநர் தேடிக் கண்டுபிடிப்பார்?

2014 ஜூலை 26-இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது பணம், தொலைக்காட்சி, நட்சத்திரங்கள் என்று எல்லாரும் எழுதினோம். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறு. கபடியில் முதன்முறையாக ஒவ்வொரு ரெய்டும் பெரிய அளவில் பதிவானது. யார் போனார், எத்தனை தொட்டார், போனஸ் எத்தனை, வெறுங்கையோடு திரும்பியது எத்தனை, யார் பிடித்தார் என்று எல்லாம். அதனால்தான் 2017 பருவத்தில் பர்தீப் நர்வால் 369 ரெய்டு புள்ளி எடுத்ததும், 2019-இல் பவன் ஷெராவத் ஒரே ஆட்டத்தில் 39 எடுத்ததும் இன்று பள்ளிப் பையன்களுக்கு மனப்பாடம்.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் பருவத்தில் கோப்பை வென்ற ஜெய்ப்பூர் அணியின் பயிற்றுநர் கே. பாஸ்கரன். தஞ்சை மண்ணின் சேரலாதன் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு ஆமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது! ரெய்டர் கே. பிரபஞ்சன் 2019-இல் கோப்பை வென்ற பெங்கால் அணியில் ஆடினார். தமிழ் தலைவாஸ் 2017-இல் வந்தது; 2022 பருவத்தில் அரையிறுதி வரை போனது. ஆனாலும் அந்த அணிக்குப் புள்ளி குவித்துக் கொடுத்த பெயர்களைச் சொல்லுங்கள் என்றால் அஜய் தாக்கூர், நரேந்தர் என்று வடக்கத்திப் பெயர்களே முதலில் வருகின்றன. நம் பையன்களுக்குத் திறமை குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களைப் பற்றித் தேர்வாளர் கையில் இருக்கும் தகவல் குறைவு.

▪▪▪ பெட்டிச் செய்தி: ஏல மேடையில் ▪▪▪

● புரோ கபடியின் 2014 முதல் ஏலத்தில் அதிக விலை: ராகேஷ் குமார், ரூ. 12.80 லட்சம்.

● 2018-இல் ஒரு கோடியைத் தாண்டியது விலை: மோனு கோயத், ரூ. 1.51 கோடி.

● 2023-இல்: பவன் ஷெராவத், ரூ. 2.605 கோடி.

● 2023, 2024 ஏலங்களில் 'ஏ' பிரிவு வீரரின் அடிப்படை விலை ரூ. 30 லட்சம், கடைசிப் பிரிவான 'டி'-க்கு ரூ. 9 லட்சம்.

● 2022-இல் தொடங்கிய யுவா கபடித் தொடரில் பழனி, நீலகிரி, பெரியார் பெயர்களைத் தாங்கிய அணிகளும் உண்டு. இளம் வீரர்களின் ஆட்டக் கணக்கு அங்கே பதிவாகிறது.

▪▪▪

முழங்கால் போனால்

பவன் ஷெராவத்தை 2022-இல் தமிழ் தலைவாஸ் ரூ. 2.26 கோடிக்கு வாங்கியது. முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அந்தப் பருவம் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. அடுத்த ஏலத்தில் என்ன ஆயிற்று? தெலுங்கு டைட்டன்ஸ் ரூ. 2.605 கோடி கொடுத்தது. விலை ஏறியது. அவர் படுத்திருந்த காலத்திலும் முந்தைய பருவங்களின் ஆட்டக் கணக்கு அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

இதே அடி ஒரு கல்லூரி ரெய்டருக்கு விழுந்தால் நடப்பது வேறு. முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சை, அதன்பின் ஏறக்குறைய ஒன்பது மாத மறுபயிற்சி. மூன்று வருடப் படிப்பில் ஒரு பருவம் போச்சு. செலவு குடும்பத்தின் தலையில். திரும்பி வருவதற்குள் அணியில் அவன் இடத்தில் வேறொருவன். "போன வருஷம் நீ எப்படி ஆடினேன்னு எனக்குத் தெரியும்டா" என்று சொல்ல ஒரே ஒரு பி.டி. சார் இருப்பார், அவரும் மாறுதலாகிப் போய்விட்டால் அதுவும் இல்லை.

இன்னும் பெரிய இழப்பும் நடந்திருக்கிறது. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்து உள்ளூர்ப் போட்டி ஒன்றில், ரெய்டு போன கல்லூரி மாணவர் பிடிபட்டு, எழ முயன்று, களத்திலேயே சரிந்து இறந்துபோனார். அவர் வென்ற கோப்பையோடு சேர்த்துப் புதைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் மறக்கவில்லை. ஆம்புலன்ஸ் நிற்காத, முதலுதவி தெரிந்த ஆள் இல்லாத களங்களில் இன்றும் நம் பிள்ளைகள் பாடிப் போகிறார்கள். பரிசுத் தொகையை ஃப்ளெக்ஸில் பெரிதாகப் போடும் விழாக் குழுக்கள் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இது. புள்ளிக் கணக்கெல்லாம் இதற்குப் பிறகு.

பெண்களுக்கு அந்த லீகும் இல்லை

ஆண்களுக்காவது மேலே ஓர் ஏணி தெரிகிறது. பெண்களுக்கு 2016-இல் மூன்று அணிகளை வைத்து ஒரு சவால் தொடர் நடத்திப் பார்த்தார்கள்; புரோ கபடி அதைத் தொடரவில்லை. ஆகவே கல்லூரிப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகப் போட்டிதான் பெரிய மேடை, ஃபார்ம் 3-தான் பெரிய சொத்து. அதற்காகத்தான் இரண்டு நாள் ரயிலேறி வடக்கே போகிறார்கள்.

2025 ஜனவரியில் பஞ்சாபின் பதிண்டாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் நடந்தது நினைவிருக்கும். அன்னை தெரசா, பெரியார், அழகப்பா, பாரதியார் பல்கலைக்கழகங்களின் மாணவிகள் போயிருந்தார்கள். அன்னை தெரசா பல்கலைக்கழக அணியின் ஆட்டத்தில் ஃபவுல், புள்ளி குறித்து எழுந்த வாக்குவாதம் கைகலப்பாக முடிந்து, நம் பெண்கள் தாக்கப்பட்டார்கள். அரசு தலையிட்டுப் பத்திரமாக அழைத்து வந்தது. நாற்காலிகள் பறந்த அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்தோம். புள்ளி ஒன்றுக்கு அந்தப் பெண்கள் ஏன் அவ்வளவு தூரம் நின்று வாதாடினார்கள் என்பதை யாரும் பேசவில்லை. ஒரு புள்ளியில் ஆட்டம் போகும். ஆட்டம் போனால் இடம் போகும். இடம் போனால் வேலைக்கான தாள் போகும். வீட்டில் "விளையாடி என்ன கிழிச்ச, கல்யாணத்தைப் பண்ணிக்க" என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு அந்தத் தாள்தான் பதில்.

கார்த்திகாவுக்கு அரசு ரூ. 25 லட்சம் கொடுத்ததை மனமாரப் பாராட்டுவோம். கண்ணகி நகர்ப் பிள்ளைகள் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கிய காலம் உண்டு. இன்று அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்கிறார்கள். அதே மாதிரி ஆடும் பெண்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள்.

எல்லை தாண்டும் ஆட்டம், தாண்டாத கணக்கு

இந்தக் கணக்கு விஷயத்தில் திருத்தணிக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, 1960 ஏப்ரல் 1-இல் இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு போட்டாயிற்று. ஆட்டம் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. இந்தப் பக்கத்துப் பையன் பொங்கலுக்குப் பள்ளிப்பட்டில் ஆடுவான், சங்கராந்திக்கு நகரிப் பக்கத்தில் ஆடுவான். இரண்டும் ஒரே வாரம். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்தில் பாதி தெலுங்கு பேசும் என்பது போல, களத்தைச் சுற்றி நிற்கும் கூட்டமும் அப்படித்தான். ஆனால் சங்கம் வேறு, பல்கலைக்கழகம் வேறு, மாநில அணி வேறு. அங்கே எடுத்த பெயர் இங்கே செல்லாது, இங்கே எடுத்தது அங்கே செல்லாது. இரண்டு மாநிலத்து ரசிகர்களுக்குத் தெரிந்த ரெய்டர், இரண்டு மாநிலத்துத் தேர்வாளர்களுக்கும் தெரியாதவராகவே இருந்துவிட முடியும். பெரிய நகரங்களில் ஆடுகிறவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஒரே மைதானத்தில் பத்துப் பேர் பார்த்து, பத்து இடத்தில் சொல்வார்கள்.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பள்ளி, கல்லூரி என்று ஆயிரக்கணக்கானவர்களைக் களத்துக்கு இழுத்து வருகின்றன. கதவுகள் திறக்கின்றன, மறுக்கவில்லை. அந்தக் கதவு முன்னால் நிற்கும்போது ரெய்டரின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

யார் எழுதுவது?

மேட் வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். உள்விளையாட்டு அரங்கு கட்ட வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆட்டத்தை எழுதிவைக்க இவை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு மாணவர் உட்கார வேண்டும். ரெய்டு போனவரின் எண், தொட்டது எத்தனை, போனஸ் உண்டா, பிடித்தவரின் எண், அது சூப்பர் டேக்கிளா. ஐந்து கட்டங்கள். ஆட்டம் முடிந்ததும் கைப்பேசியில் படமெடுத்தால் தாள் தொலைந்தாலும் கணக்கு தொலையாது. உடற்கல்வியியல் படிக்கும் மாணவர்களுக்கு இதையே செய்முறைப் பயிற்சியாக வைக்கலாம்.

எழுதுகிறவர் பொய் எழுதினால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான், சான்றிதழ் மோசடிகளைப் பார்த்துப் பழகிய நாடு இது. இரண்டு அணியின் ஆட்களும் தனித்தனியே எழுதி, நடுவர் முன்னால் ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பயம் பெருமளவு தீரும். ஆட்டத்தைக் காணொளியாகவும் பதிந்து வைத்தால், பதிண்டாவில் எழுந்த மாதிரி வாக்குவாதத்தை உட்கார்ந்து பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம்.

திருத்தணிக் கல்லூரி சேர்ந்திருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் அடுத்த கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டியிலேயே இதைத் தொடங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஃபார்ம் 3-ஐ மாற்றுவது தில்லியின் கையில் இருக்கிறது, அதற்கு நாளாகும். அதுவரை, அதோடு இணைக்கிற மாதிரி ஒரு பக்கத் தாள் போதும்: ஆடிய ஆட்டங்கள், போன ரெய்டுகள், எடுத்த புள்ளிகள், பிடித்த பிடிகள், கீழே பல்கலைக்கழக முத்திரை. போட்டி முடிந்து பிள்ளைகள் பேருந்து ஏறுவதற்கு முன்னால், அதன் நகல் ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும்.